நனைந்தால் பாதி

நூலை அறுப்பதுதான் என் உத்தியோகம். பட்டணத்தில் ஒரு நூற்பாலை. அங்கே மற்ற எல்லாரும் நூல் நூற்கிறார்கள். நான் மட்டும் அதை அறுக்கிறேன். அதற்கென்று ஒரு தனி அறையும் ஒரு நாற்காலியும் ஒரு யந்திரமும் கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் அம்பத்தூரில் ரயிலேறி இதற்காகத்தான் போய் வருகிறேன் என்பதைப் பக்கத்துக் குடித்தனக்காரர் இன்னும் முழுதாக நம்பவில்லை.

"கெட்டுப்போன நூலத்தானே அறுக்கறே அண்ணாத்தே?" என்று ஒருமுறை கேட்டார்.

"இல்ல. நல்ல நூலத்தான்."

"அதுக்கு சம்பளம் வேற குடுக்கறானா வெள்ளக்காரன்?"

அவர் ரயில்வேயில் கேங்மேன். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே தண்டவாளம் நகர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஒரு பொருளை இருக்கிறபடியே இருக்க வைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவருக்கு என் வேலை விளங்காததில் வியப்பில்லை.

யந்திரம் சாதாரணமானது. மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி. இரண்டுக்கும் நடுவே ஒரு சிட்டம் நூலை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் கீழ்க்கொக்கி இறங்கும், முள் ஏறும், நூல் அறுகிற இடத்தில் முள் நின்றுவிடும். அந்த எண்ணை எழுதிக்கொண்டு, அறுந்த நூலைக் கூடையில் போட வேண்டும். இந்த நூல் இவ்வளவு தாங்கும் என்று நான் எழுதிக் கொடுப்பது எப்போதும் கூடைக்குப் போன நூலைப் பற்றித்தான். வேலையில் சேர்ந்து பல வருஷங்கள் கழித்துத்தான் இதைக் கவனித்தேன். கவனித்த பிறகும் வேலை மாறவில்லை.

ஒரே பஞ்சு, நூற்கிற கதிரும் ஒன்றே, ஒரே ஆள். ஆனாலும் நேற்றைய நூலும் இன்றைய நூலும் ஒன்றாக இருப்பதில்லை. வைகாசியில் மேல்காற்று வறண்டு வீசினால் ஷெட்டுக்குள் இழைகள் அறுந்துகொண்டே இருக்கும். பிசிர் பறந்து எல்லார் தலையும் நரைத்துப் போகும். மேஸ்திரி ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி, தரையெல்லாம் தண்ணீர் தெளிக்கச் சொல்வார். உள்ளே நிற்கிறவர்கள் வேர்த்துக் கொட்டி அவரைத் திட்டுவார்கள். நூல் மட்டும் சௌக்கியமாக இருக்கும். பருத்திக்கு ஈரம் பிடிக்கும். நனைந்த பருத்தி நூல் காய்ந்ததைவிட அதிகம் தாங்கும். முறுக்கிலும் பலம் உண்டு, ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. ஏற்ற ஏற்ற நூல் உறுதிப்படும். ஒரு கட்டத்தைத் தாண்டி ஏற்றினால் அந்த முறுக்கே நூலை அறுத்துவிடும். அந்தக் கட்டம் எது என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. தாண்டின பிறகு என் மேஜைக்கு வரும்.

கடைகளில் ஜப்பான் சரக்கு வந்து குவிந்த காலம் அது. புடவைக் கரைக்குச் செயற்கைப் பட்டு நூல் போட்டால் என்ன என்று எங்கள் துரைக்கு ஓர் எண்ணம். இரண்டு விதமான நூல்கண்டுகளை எனக்கு அனுப்பிவிட்டுத் தாமே வந்து விளக்கமும் சொன்னார். மரக்கூழை ரசாயனத்தில் கரைத்துத் தேன் பதத்துக்குக் கொண்டுவந்து, கண்ணுக்குத் தெரியாத துளைகள் போட்ட ஒரு சின்ன மூடி வழியாக அமிலத் தொட்டிக்குள் பிழிகிறார்கள். இடியாப்பம் பிழிவது போலத்தான் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். தொட்டியில் விழுந்ததும் இழை இறுகும். இறுகும்போது அதைத் தளர விட்டுச் சுற்றினால் ஒரு குணம், இழுத்துப் பிடித்துச் சுற்றினால் வேறொரு குணம்.

அது உண்மைதான். தளர விட்டுச் சுற்றிய நூலைக் கொக்கியில் மாட்டினேன். வெல்லப்பாகு மாதிரி நீண்டது, இன்னும் நீண்டது, அலுத்துப்போய் அறுந்தது. இழுத்துச் சுற்றிய நூல் நீளவே இல்லை. முள் வெகுதூரம் ஏறியது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் படக்கென்று போய்விட்டது. இரண்டையும் நனைத்து மாட்டிப் பார்த்தேன். முள் ஏறக்குறையப் பாதி வழியில் நின்றுவிட்டது. யந்திரம் கெட்டுவிட்டதோ என்று பருத்தியை நனைத்து மாட்டினேன். யந்திரம் சரியாகத்தான் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். "ஜப்பான் பட்டு நனைஞ்சா பாதி பலம்தான்."

"நம்ம கிட்டதான் அது இல்லியே," என்றாள்.

எங்களுக்கு ஒரே பெண். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, இனிமேல் இல்லை என்று உறவுக்காரர்கள் எல்லாரும் முடிவு கட்டிய பிறகு பிறந்தவள். அப்போது எட்டு வயது. அவள் கைபடக்கூடிய எதையும் நான் இழுத்துப் பார்க்காமல் விட்டதில்லை. செருப்பு வார், ஜன்னல் கம்பி, பள்ளிக்கூடப் பையின் காது, பூக்காரி கட்டித் தந்த சரத்தின் நார். இழுத்துப் பார்ப்பது என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே முறைதான்: அது போகிற வரைக்கும். ஊஞ்சல் கயிறு எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரிந்தபோது அவளுக்கு ஊஞ்சல் இல்லை.

"எதையாவது முழுசா உட்டு வைங்களேன்," என்பாள் மனைவி.

"தாங்குமா தாங்காதான்னு தெரிய வேண்டாமா?"

"தாங்கிகினுதானே இருந்துது?"

நான் பேப்பரை எடுத்துக்கொள்வேன்.

எங்களுக்கும் கேங்மேன் குடும்பத்துக்கும் ஒரே முற்றம், ஒரே வேப்பமரம், ஒரே கிணறு. கிணற்றின் கைப்பிடிச் சுவர் என் மகளின் வயிற்று உயரம்தான் இருந்தது. உயர்த்திக் கட்ட வேண்டுமென்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். கிணறு வெட்டின நாளிலிருந்து ஒருவரும் விழுந்ததில்லை என்றார். அது சோதனை ஆகாது என்றேன். அவர் வெள்ளானூரில் இருப்பவர். வெள்ளானூருக்குத் திரும்பிப் போய்விட்டார்.

சுவர் விஷயத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆனதும் என் கவலை கிணற்றுக் கயிற்றின் மேல் திரும்பியது. நாளான தேங்காய்நார்க் கயிறு. தண்ணீர் இறைக்கிற நேரத்தில் அறுந்தால் இறைக்கிறவர் மல்லாந்து விழுவார். பின்னால் என் மகள் நின்றுகொண்டிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கயிற்றை ராட்டினத்திலிருந்து உருவி வேப்பங்கிளையில் கட்டினேன். கீழ்முனையில் ஒரு கோணிப்பையைத் தொங்கவிட்டு அதில் செங்கற்களைப் போட ஆரம்பித்தேன். கேங்மேன் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றார். என் மகளும் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அண்ணாத்தே இது?"

"கயிறு தாங்குதான்னு பாக்கறேன்."

"தாங்குது."

இன்னும் போட்டேன்.

"தாங்குது அண்ணாத்தே. உட்டுடு."

இன்னும் போட்டேன். அறுந்தது. கோணி விழுந்து செங்கற்கள் சிதறின. அறுந்த இடத்தைக் கையில் வைத்துப் பார்த்தேன். நார் மேல்காற்றில் காய்ந்து சொரசொரத்திருந்தாலும் நிறைகுடத்தைப்போலப் பல மடங்கு கனத்தைத் தாங்கியிருக்கிறது. நல்ல கயிறு என்று சொன்னேன்.

"நல்ல கயிறுதான். அதான் ரெண்டு கீது இப்ப," என்றார் கேங்மேன்.

ஒரு தடவை அறுத்துப் பார்த்தால் போதாது. பல தடவை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும் என்பது எங்கள் அறையின் விதி. மிச்சத் துண்டுகளையும் வரிசையாகத் தொங்கவிட்டு அறுத்தேன். முடிச்சுப் போட்டு உபயோகிக்கிற நிலைமையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கேங்மேனின் மனைவி வந்து, "இத்த நான் எடுத்துக்கறேண்ணா," என்று துண்டுகளை அள்ளிக்கொண்டு போய்ப் பாத்திரம் தேய்க்கப் பிரித்துப் போட்டுவிட்டாள். பூந்தமல்லிக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கி வரலாம் என்று நான் சட்டை மாட்டிக்கொள்ள உள்ளே போனேன்.

அதற்குள் என் மகள் தலை ரிப்பனை அவிழ்த்து, சிதறிக் கிடந்ததில் ஒரு முழுச் செங்கல்லை எடுத்து அதில் கட்டியிருக்கிறாள். வேப்பங்கிளை அவளுக்கு எட்டாது. தொங்கவிட ஓர் உயரம் வேண்டும். கிணற்றங்கரைக்குப் போய், ரிப்பனின் ஒரு நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, சுவர்மேல் குனிந்து செங்கல்லை உள்ளே விட்டிருக்கிறாள். இதெல்லாம் பின்னால் அவள் சொல்லித் தெரிந்தது. செங்கல் கனம். ரிப்பன் அறுந்துபோகவில்லை. அவள்தான் போனாள்.

சத்தம் கேட்டு ஓடி வந்து எட்டிப் பார்த்தேன். ஒருமுறை தண்ணீருக்குள் போய் மேலே வந்து, உட்சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கழுத்து வரை. எனக்கு நீந்தத் தெரியாது. கேங்மேனுக்குத் தெரியும், ஆனால் உட்சுவரின் கால்குழிகள் பாசி பிடித்துக் கிடந்தன. அவர் பிடித்துக்கொண்டு இறங்கவும், அவளைக் கட்டித் தூக்கவும் ஏதாவது வேண்டும்.

"கயிறு! கயிறு எங்க?" என்று கத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

கொடியில் மூன்று புடவைகள் கிடந்தன. ஒன்று கேங்மேன் மனைவியினுடையது. வேப்பம்பட்டில் தம்பி கல்யாணத்துக்கென்று வாங்கிக் கட்டி, அலசி, நிழல் பக்கமாகப் போட்டிருந்தாள். பளபளவென்று நீலம். மற்ற இரண்டும் என் மனைவியின் பழைய நூல்புடவைகள். கேங்மேன் நீலத்தை உருவினார்.

"அது வேண்டாம்!" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"ஜப்பான் பட்டு அது. நனைஞ்சா பாதி பலம்தான்."

"பொண்ணு கெணத்துல கீது அண்ணாத்தே!"

"அதனாலதான் சொல்றேன். கெணத்துல தண்ணி இருக்கு."

"புதுப் பொடவைண்ணா," என்றாள் அவர் மனைவி. "இதுவா அறுந்துடும்? அக்கா பொடவதான் நைஞ்சி கெடக்குது."

"நைஞ்சாலும் பருத்தி. நனைஞ்சா பலம் கூடும்."

"நனைஞ்சா எங்கனா பலம் கூடுமா? இன்னா பேச்சு பேசறாரு இவரு!"

நான் மரக்கூழைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். இதை நான் மறுக்க முடியாது, கேட்டவர்கள் இருக்கிறார்கள். இடியாப்பம் வரைக்கும் வந்துவிட்டேன் என்று கேங்மேன் இன்றும் சொல்கிறார். அந்த நேரம் முழுக்க நீலப் புடவையின் ஒரு நுனி அவர் கையிலும் மறுநுனி என் கையிலும் இருந்தது.

கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. "நைனா, எதையாவது போடு நைனா."

என் மனைவி இதற்குள் தன் இரண்டு புடவைகளையும் உருவி முடிச்சுப் போட்டு முடித்திருந்தாள். நான் அதை வாங்கித் துவைகல் பக்கத்துத் தொட்டியில் முக்கினேன்.

"தோய்க்கிற நேரமா இது?" என்றார் கேங்மேன். என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுவர்மேல் ஏறினார். ஒரு முனையை ராட்டினத் தூணில் கட்டி, அதைப் பிடித்தபடி இறங்கினார். சறுக்கினார், மறுபடி பிடித்துக்கொண்டார். கீழ்முனையை அவள் அக்குளைச் சுற்றிக் கட்டிவிட்டு, "இஸ்கோ!" என்றார்.

நானும் அவர் மனைவியும் இழுத்தோம். புடவை சுவர் விளிம்பில் உராய்ந்து உராய்ந்து ஏறியது. நான் குனிந்து அந்த உராய்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு எதையும் பார்க்கத் தெரியாது. என் மகளின் தலை தெரிந்த நேரத்தில் துணி கிழிகிற சத்தம் கேட்டது. நீளமான சத்தம். இருபது வருஷமாக ஒரு பொருள் அறுகிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிடுகிறேன். அதில் எனக்குத் தவறு வராது. கைகள் தாமாகவே முள்ளைப் பார்ப்பதற்காக நின்றுவிட்டன. கேங்மேனின் மனைவி மட்டும் நிற்காமல் இழுத்தாள். என் மகள் சுவரைத் தாண்டி வந்து என்மேல் விழுந்தாள்.

கிழிந்தது என் சட்டை. நானும் உள்ளே போய்விடாமல் இருக்க என் மனைவி பின்னாலிருந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஆலை நூலில் நெய்த துணி. முதுகில் மேலிருந்து கீழ்வரை போயிருந்தது.

அவள் மகளை முதலில் அடித்தாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்னை அடிக்கவில்லை. கேங்மேனும் அதே புடவையைப் பிடித்து ஏறி வந்த பிறகு பார்த்தால், ரிப்பன் மகளின் மணிக்கட்டில் சுற்றியபடியே இருந்தது. மறுமுனையில் செங்கல்லும் இருந்தது. ஈர ரிப்பன் கையில் இறுகிப்போய், கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் வேலைக்குப் போனேன். கைப்பிடியைச் சுற்றும்போது கை நடுங்கியது. கை நடுங்கினால் கொக்கி உதறும். உதறினால் நூல் தன் பலத்துக்கு முன்பாகவே அறுந்துவிடும். அந்த வாரம் என் எண்கள் எல்லாம் இறங்கிப் போயின. நூல் மட்டம் என்று முடிவு செய்து மேஸ்திரி கதிர்களில் முறுக்கை ஏற்றினார். நூலில் ஒன்றுமில்லை, என் கையில்தான் என்று நான் போய்ச் சொன்னேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டு முறுக்கை இறக்கினார். அதற்குள் நெசவுக்காரர்களிடமிருந்து புகார் வந்துவிட்டது.

கேங்மேனின் மனைவிக்கு அந்த நீலப் புடவை விஷயம் ஆறவில்லை. ஒருநாள் முந்தானை ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நீளத் துண்டைக் கத்தரித்து எடுத்து வந்தாள்.

"பாதிதான்னு அன்னிக்கி அந்த சத்தம் போட்டீங்களே. இத்த உங்க மிஷின்ல மாட்டிப் பாத்து சொல்லுங்கண்ணா. எங்க ஊட்ல எல்லாருக்கும் சொல்லி வச்சிட்டாரு இவரு. நான் வெளியில கட்டிகினு போவ முடியல. மய வந்தா நில்லாதடின்னு கிண்டல் பண்றாளுங்க."

எடுத்துக்கொண்டு போனேன். பாதியை உலர்ந்தபடியும் பாதியை நனைத்தும் மாட்டினேன். நான் சொன்னது சரிதான். நனைந்தது ஏறக்குறையப் பாதிதான் தாங்கியது. ஆனால் அந்தப் பாதி, இரண்டு விரல் அகலம் மட்டுமே உள்ள அந்த ஈரத் துண்டு, என் மகளின் எடைக்குக் கொஞ்சம் குறைவாகத் தாங்கியது. புடவை இரண்டு விரல் அகலம் அல்ல. முழுப் புடவையையும் நனைத்து உள்ளே விட்டிருந்தால் என் மகளையும் கேங்மேனையும் என்னையும் மேஸ்திரியையும் சேர்த்துத் தூக்கியிருக்கலாம்.

சாயங்காலம் முற்றத்தில் எல்லாரையும் வைத்துக்கொண்டு இதைச் சொன்னேன்.

"அப்ப எத்த உட்டிருந்தாலும் வந்திருக்கும்?" என்றார் கேங்மேன்.

"வந்திருக்கும்."

"அப்ப இன்னாத்துக்கு அண்ணாத்தே அவ்ளோ நேரம் புடிச்சி இஸ்துகினு நின்னே?"

"நான் நூலத்தான் அறுத்துப் பாத்திருந்தேன். பொடவைய பாக்கல."

அவர் மனைவி நிம்மதியாக உள்ளே போனாள். என் மனைவி முறத்திலிருந்த அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. மகளைக் கூப்பிட்டு, அன்று எவ்வளவு நேரம் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். "தெரியல நைனா. கை வலிச்சுது," என்றாள். இன்னும் கொஞ்சம் நேரம் ஆகியிருந்தால் பிடித்திருக்க முடியுமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்கவில்லையே தவிர, ரயிலில் உட்கார்ந்தால் கொரட்டூர் தாண்டுவதற்குள் அது வந்துவிடுகிறது. பருத்திக்கும் பட்டுக்கும் எனக்குக் கணக்குத் தெரியும். எட்டு வயதுக் கைகளுக்குத் தெரியாது.

புதுக் கயிறு கேங்மேன்தான் வாங்கி வந்தார். ராட்டினத்தில் மாட்டிவிட்டு, "இத்த நீ தண்ணி மோக்க மட்டும் தொடலாம் அண்ணாத்தே," என்றார். என் மனைவி அதை ஆமோதித்தாள். வீட்டுக்காரரும் வெள்ளானூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுச் சுவரை உயர்த்திக் கொடுத்தார். அதற்குள் என் மகள் வளர்ந்துவிட்டதால் சுவர் மறுபடியும் அவள் வயிற்று உயரம்தான் இருக்கிறது.

இப்போது யுத்தம் நடக்கிறது. ஜப்பான் பட்டு கடைகளில் கிடைப்பதில்லை. குண்டு விழும் என்று பயந்து பட்டணத்திலிருந்து குடும்பம் குடும்பமாக அம்பத்தூர்ப் பக்கம் வந்து வாடகைக்கு இடம் தேடுகிறார்கள். ஆகாயத்தைப் பார்த்தபடியே பேசுகிறார்கள். நான் அவர்கள் குழந்தைகளைக் கிணற்றங்கரையிலிருந்து விலகி நிற்கச் சொல்கிறேன்.

என் மகள் தாவணி போட ஆரம்பித்துவிட்டாள். காலையில் அவளேதான் தண்ணீர் இறைக்கிறாள். நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவள் பின்னால் போய் நின்று தாவணியின் நுனியைப் பிடித்துக்கொள்கிறேன். ராட்டினம் கிறீச்சிடுகிறது. கயிறு எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியாது.

"உடு நைனா, புதுசு," என்றாள் இன்று காலை. "கிழிஞ்சிடப் போவுது."

விடவில்லை. குடம் மேலே வந்து, அவள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டடி நடந்த பிறகுதான் விட்டேன். இழுத்துப் பார்க்கவில்லை.